குரங்கிடம் மன்னிப்பு

"குரங்கு தின்னி வந்துட்டா. கேட்டைத் திறங்கடா, இல்லேன்னா சுவரேறிக் குதிச்சிடுவா."

பதினோரு வருடங்களாகக் காலை ஏழு மணிக்கு கசுபாவுக்குக் கிடைக்கும் வணக்கம் இதுதான். சொல்கிறவன் யோத்தாம் சோகோ. என்டோலா நகரத்து மாவு மில்லில் மூட்டை ஏற்றும் பிரிவின் மேஸ்திரி. கேட்பவள் அதே மில்லின் பணியாளர் நிர்வாக அதிகாரி.

"எலி தின்னி, வாயைத் தொடைச்சுக்க. வால் தொங்குது" என்பாள் அவள், நடையை நிறுத்தாமல்.

மக்காச்சோள மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கும்போது புருவத்திலிருந்து மாவு உதிரும். அப்புறம்தான் முதல் லாரி பின்வாங்கி வந்து நிற்கும்.

அவள் பெம்பா. அவன் என்கோனி. முப்பாட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்ட இரண்டு கூட்டம். குத்து நின்றது, திட்டு மிஞ்சியது. பெம்பாவைப் பார்த்தால் என்கோனி திட்ட வேண்டும், என்கோனியைப் பார்த்தால் பெம்பா திட்ட வேண்டும். அதுதான் முறை. கோபப்படக்கூடாது. மன்னிப்புக் கேட்கக்கூடாது. ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்தான் வந்து குழி வெட்ட வேண்டும்.

அந்த ஜூன் மாதக் குளிர்காலக் காலை, பனி கேட்டின் கம்பியில் வழிந்துகொண்டிருந்தபோது, கசுபாவுக்குப் பின்னால் ஒரு கார் நின்றிருந்தது. அதன் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே புதிய பொதுமேலாளர் மன்யாண்டோ.

அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"அந்த ஆள் உன்னை என்ன சொன்னான்?"

"வழக்கமா சொல்றதுதான், சார். முறைக்காரன்."

"என்ன சொன்னான்னு கேட்டேன்."

சொன்னாள். மன்யாண்டோ அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, தலைகீழாகத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடு."

"சார், நீங்க லோசிக் கூட்டம். டோங்கா ஆளுங்க உங்களுக்கு முறை. தெரியாத மாதிரி பேசறீங்களே."

"தெரியும். எந்த டோங்காவையும் நான் சும்மா விட்டதில்லை. கல்யாணத்துல திட்டுவேன், இழவுல திட்டுவேன். கேட்டுக்கு வெளியே முறை. கேட்டுக்கு உள்ளே சட்டம். அதைப் பாதுகாக்கத்தானே உனக்கு அந்த அறை?"

அவர் மேசையில் இன்னொரு காகிதமும் இருந்தது. கசுபாவுக்கு அது தெரியும். தினக்கூலிக்கு நிற்கும் நாற்பத்து மூன்று சுமைக்காரர்களின் மனு. நான்கு வருடமாக அதே மூட்டை, அதே லாரி, அதே கேட். ஆனால் பதிவேட்டில் ஒவ்வொரு காலையும் புதிய ஆள். வேலை நிரந்தரமானதென்றால் ஆளையும் நிரந்தரமாக்கு என்கிறது சட்டம். மனுவை எழுதி, கைநாட்டு வாங்கி, ஒரு நகலைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பியவன் சோகோ.

"அவங்க கேக்கறது நியாயம்தான்னு ஏப்ரல்லயே குறிப்பு எழுதினேன், சார்."

"படிச்சேன். நல்ல இங்கிலீஷ்." மன்யாண்டோ சிரிக்கவில்லை. "மேலதிகாரியை இழிவா பேசினா முதல் தடவையே வேலையிலிருந்து நீக்கலாம். அந்த விதியை எழுதினதும் நீதான். உங்க அப்பாவுக்கு நுரையீரல் எப்படி இருக்கு?"

கசுபா காகிதத்தை அருகில் இழுத்தாள்.

"ஆக்சிஜன் சிலிண்டர் நம்ம மில்லோட மருத்துவ அட்டையிலதானே வருது? நல்ல திட்டம். வேலையில இருக்கிறவங்களுக்கு மட்டும்."

கையெழுத்துப் போட்டாள்.

*

குற்றச்சாட்டுப் படிவத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து, வறுத்த நிலக்கடலையை ஊதித் தின்றுகொண்டிருந்த சோகோ, படித்தான். இரண்டாவது வரியில் நிறுத்தினான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

சாதாரணச் சிரிப்பு இல்லை. பலகையிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லாரிச் சக்கரத்தில் சாய்ந்து சிரித்தான்.

"டேய், எல்லாரும் வாங்கடா! பதினோரு வருஷத்துல இவ அடிச்ச முதல் நல்ல ஜோக் இது. ‘தகாத சொற்களால் இழிவுபடுத்தியமைக்காக.’ முத்திரை வேற குத்தியிருக்கா பாரு. குரங்குக்கு இவ்வளவு மூளைன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே."

ஆட்கள் கூடிவிட்டார்கள். படிவம் கை மாறி மாறி வந்தது. மாவு படிந்த விரல்கள் அதன் ஓரத்தை வெள்ளையாக்கின.

கசுபா நின்றாள். ‘இது நிஜம்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொன்னது வேறு.

"நாற்பத்தெட்டு மணி நேரத்துல எழுத்துல பதில் குடுக்கணும்."

"குடுத்தா போச்சு, மகாராணி. வாழைத்தார்லயே கட்டி அனுப்பறேன்."

மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பதில் வந்தது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாள். சோகோவின் பெரிய, சாய்வான கையெழுத்து.

‘மேற்படி சொற்களை நான் சொன்னது உண்மை. இதற்கு முன்பும் சொன்னேன், இனிமேலும் சொல்வேன். மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன், குரங்கிடம். கசுபா வீட்டாரோடு சேர்த்துப் பேசி அதன் மானத்தை வாங்கிவிட்டேன். இப்படிக்கு, எலிகளின் எதிரி.’

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. இது ஒப்புதல் வாக்குமூலம். திமிரோடு, கையெழுத்தோடு, தேதியோடு. எந்த நீதிமன்றத்தில் நீட்டினாலும் நிற்கும்.

ஜன்னல் வழியே சுமைமேடை தெரிந்தது. நாற்பது அடி தூரம். அவன் மூட்டைகளை எண்ணிக் கூவும் சத்தம் கேட்டது. போய், ‘மடையா, இதைக் கிழிச்சிப் போட்டு வேற எழுது, கூட ஒரு ஆளையும் கூட்டிட்டு வா’ என்று சொல்ல நேரம் இருந்தது. அவன் வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம்.

கசுபா இழுப்பறையைத் திறந்தாள். ‘பெறப்பட்டது’ முத்திரையை எடுத்தாள். குத்தினாள்.

விசாரணை நாளன்று சோகோ சிரித்துக்கொண்டேதான் கதவைத் தள்ளினான். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் மன்யாண்டோ. ஓரத்தில் குறிப்பெடுக்கக் கசுபா. மேசை மேல் ஒரு தம்ளர் தண்ணீர், நிஜ விசாரணைக்கு வைப்பதுபோல் மூடி போட்டு.

அந்தத் தம்ளரைப் பார்த்ததும்தான் அவன் சிரிப்பு வடிந்தது.

"கசுபா... இது விளையாட்டு இல்லையா?"

"உங்க சார்பா பேச ஒரு சக பணியாளரை அழைச்சிட்டு வர உரிமை இருந்தது. அழைச்சிட்டு வந்திருக்கீங்களா?" அவள் தாளைப் பார்த்தே படித்தாள்.

"எதுக்கு? ஜோக்குக்குச் சாட்சி சொல்லவா?"

"இல்லை என்று குறித்துக்கொள்" என்றார் மன்யாண்டோ.

பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. சோகோ அவளை ஒரு தடவை பார்த்தான். அவன் வாய் எதையோ தேடியது. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. மேஸ்திரித் தொப்பியைக் கழற்றி, தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலும் விஷயம் வெடித்தது.

கசுபாவின் கணவன் சொல்வேசியில் சுரங்க வேலை. மாதக் கடைசியில்தான் வருவான். வீட்டில் அவளும் அப்பாவும். அப்பா கபெம்ப்வா கிழவர், ரயில்வேயில் பெட்டி கோர்க்கும் வேலை பார்த்து, புகையையும் தூசியையும் நெஞ்சில் சேர்த்துக்கொண்டு ஓய்வுபெற்றவர். மூக்கில் குழாய். பக்கத்தில் இரும்புச் சிலிண்டர். அந்தச் சுவாசத்தின் பெரும்பகுதியை அவர் சோகோவைத் திட்டத்தான் செலவழித்தார். ஞாயிறு தோறும் தேவாலயம் முடிந்து சோகோ வருவான். இருவரும் மாமரத்தடியில் உட்கார்ந்து, ஒருவர் குலத்தை ஒருவர் வேரோடு பிடுங்குவார்கள். கிழவருக்கு அன்று மட்டும் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

அன்று சோகோ வரவில்லை.

கசுபா உப்வாலிக் களியும், தக்காளி போட்டு வதக்கிய கப்பெண்டாக் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். கிழவர் தட்டைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி என் எதிரி?"

"வேலை இருக்கும்."

"வேலை இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

அவள் கை கழுவும் தண்ணீரை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரி சொல்றா, உன்னைக் குரங்கு தின்னின்னு சொன்னதுக்கு அவனைத் துரத்திட்டியாம். நான் சொன்னேன், ‘என் மக அப்படிப்பட்டவ இல்லை, குரங்கு தின்னிதான் அவ’ன்னு. அவ சிரிக்கல. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு."

"சட்டம் அப்படி இருக்கு, அப்பா."

"எந்தச் சட்டம்? அவன் தாத்தனும் என் தாத்தனும் ஒருத்தனை ஒருத்தன் வெட்டிச் சாகாம இருக்கறதுக்குப் போட்ட சட்டத்தைவிடப் பெரிசா?"

"இந்தக் குழாயில வர்ற காத்து எங்கிருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" கசுபாவின் குரல் உயர்ந்துவிட்டது. "மில்லோட அட்டையில வருது. நான் அந்தக் கையெழுத்தைப் போடலேன்னா..."

நிறுத்திக்கொண்டாள். தாமதம். கிழவர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார்.

"அப்ப நான் மூச்சு விடறது அவன் சோத்துல" என்றார் கடைசியில். "இதை நீ என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது, கசுபா. செய்ததைக்கூட விடு. சொல்லியிருக்கக் கூடாது."

தட்டில் களி இறுகிப்போனது. அன்றிலிருந்து அவள் கையால் வைத்ததை அவர் தின்னவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஊட்ட வேண்டியிருந்தது.

மில்லிலும் அதே கதைதான். கேட் ஏழு மணிக்குச் சத்தமில்லாமல் திறந்தது. அவள் நடந்து வந்தால் சுமைமேடையில் பேச்சு நின்றது. மூட்டைகள் மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்தன. சந்தையில், மரவள்ளி விற்கும் ஒரு சுமைக்காரனின் மனைவி, குவியலின் மேல் துணியைப் போர்த்தினாள்.

"விக்கறதுக்கு இல்லையா?"

"இருக்கு. உங்களுக்கு இல்லை."

"காசு குடுத்துத்தானே வாங்கறேன்."

"எழுதிக் குடுங்க மேடம். நாற்பத்தெட்டு மணி நேரத்துல பதில் சொல்றேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் முறை இல்லை.

நாற்பத்து மூன்று பேரின் மனு தொழிலாளர் அலுவலகத்தில் பின்தொடர ஆள் இல்லாமல் கிடந்தது. ஆனால் சோகோ சும்மா இருக்கவில்லை. தொழில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டான். விசாரணை நவம்பர் பன்னிரண்டாம் தேதி. மில்லின் தரப்பில் சாட்சிகள் பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

*

அக்டோபர் கடைசி. வெயில் தகரக் கூரையை நெளித்துக்கொண்டிருந்தது. ஜகரண்டா பூக்கள் சாலையில் நீலமாகக் கருகிக் கிடந்தன. மழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கையில் கிழவர் போய்விட்டார்.

போவதற்கு முந்தைய நாள் அவளைக் கூப்பிட்டார். நான்கு மாதத்தில் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"குழியை அவன்தான் வெட்டணும். வேற எவனாவது மம்பட்டியைத் தொட்டா எழுந்து வந்துடுவேன்."

"வருவானாப்பா?"

"வருவான். அவன் உன்னை மாதிரி இல்லை."

வந்தான். பன்னிரண்டு என்கோனி ஆட்கள், தோளில் மம்பட்டி, முன்னால் சோகோ. இழவு வீட்டுக்குள் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே ஆண்கள் கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மில்லின் சார்பில் ஐந்து மூட்டை மாவோடு மன்யாண்டோவும் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார்.

சோகோ உள்ளே நுழைந்தான். ஆணியில் தொங்கிய கிழவரின் ரயில்வே தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்தான். கிழவரைப் போலவே மூன்று தடவை இருமினான், அதே இழுப்பு, அதே முனகல். அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு பீறிட்டது. முறைக்காரன் வேலையே அதுதான்.

நாற்காலியை இழுத்துச் சவப்பெட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"கபெம்ப்வா. பணியாளர் எண் ஒண்ணு. உம்மேல குற்றச்சாட்டு வந்திருக்கு. முன்னறிவிப்பு இல்லாம வேலைக்கு வராம படுத்துக் கிடக்கறே. விளக்கம் சொல்ல நாற்பத்தெட்டு மணி நேரம் குடுத்தோம். வாயைத் திறந்தியா?"

சவப்பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டான்.

"என்ன? சத்தமாச் சொல்லு. குரங்கைக் கொண்டுவான்னு கேக்கறார்ப்பா. செத்தும் தீனி நெனப்புதான்."

கூட்டம் குலுங்கியது. வாசலில் சுமைக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

"உன் சார்பா பேச யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கியா? இல்லை. குறிச்சுக்கங்க. இவர் தரப்புல ஆள் இல்லை." சோகோ கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். பார்வை கறுப்புக் கோட்டில் நின்றது. "பெரியவரே, நீங்க லோசி. உங்களுக்கு இதுல முறை இல்லை. தண்ணித் தம்ளரைப் பார்த்துக்கங்க, போதும்."

மன்யாண்டோ உதட்டால் மட்டும் சிரித்தார். வேறு வழியில்லை.

"தீர்ப்பு. உன்னை இந்த மண்ணு மேல இருந்து நீக்கி, மண்ணுக்குக் கீழே நிரந்தரம் பண்றோம். நாலு வருஷம் காத்திருக்கத் தேவையில்லை, உனக்கு முதல் நாளே நிரந்தரம்."

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார்கள்.

அடுத்தது அவள்தான் என்று கசுபாவுக்குத் தெரியும். இறந்தவரின் மகளை முறைக்காரன் விடமாட்டான். கோழி கேட்பான், பானை கேட்பான், குரங்கு மகளே என்பான். அவளும் அழுகைக்கு நடுவில் எலி என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவள் பாயிலிருந்து எழுந்து நின்றாள். பதிலுக்கு ஏங்கி நின்றாள் என்றுகூடச் சொல்லலாம்.

சோகோ அவள் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றினான். தலையைக் குனிந்தான்.

"மன்னிக்கவும், மேடம். தங்கள் அனுமதி இருந்தால் பெட்டியை எடுத்துக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். கோழி கேட்கவில்லை. பானை கேட்கவில்லை.

சிரிப்பு அணைந்தது. கரி வெடிக்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் தங்கை, தரையிலிருந்தே, கசுபாவின் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"உன்னை வெட்டிவிட்டுட்டான்டி" என்றாள் மெதுவாக. "உன் சாவுக்கு எவனும் வரமாட்டான்."

*

நவம்பர் பன்னிரண்டு. முதல் மழை நீதிமன்றக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஈசல் சிறகுகள் ஒட்டியிருந்தன.

தாழ்வாரத்தில் மன்யாண்டோ கடைசியாக ஒரு தடவை சொல்லிக் கொடுத்தார். "ஒரே ஒரு வார்த்தை. ‘அவமானப்பட்டேன்.’ கடிதத்தை வக்கீல் காட்டிக்குவார். முடிஞ்சதும் உனக்கு லுசாகா தலைமை அலுவலகத்துல இடம் காலியா இருக்கு."

கசுபா குடையை மடக்கினாள். சிலிண்டர் வாசலில் காலியாக நின்றது நினைவுக்கு வந்தது. எடுத்துப்போக ஆள் வராமல், இன்றைக்கு மூன்றாவது நாளாக.

கூண்டில் ஏறினாள். எதிர்ப் பெஞ்சில் சோகோ, யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில், தோள்கள் பிதுங்க உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சுமைக்காரர்கள். மில்லின் வக்கீல் கடிதத்தைப் படித்தார். ‘குரங்கிடம்’ என்ற இடத்தில் நீதிபதியின் வாயோரம் லேசாக அசைந்தது, உடனே நேரானது.

"இந்தச் சொற்களால் நீங்கள் அவமானப்பட்டீர்கள், இல்லையா?" என்றார் வக்கீல்.

"இல்லை."

வக்கீல் தாளைப் புரட்டினார். "கேள்வி புரிந்ததா?"

"புரிஞ்சுது. பதினோரு வருஷமா அவரும் திட்டினார், நானும் திட்டினேன். குற்றச்சாட்டுப் படிவத்தை அவர் ஜோக்குன்னு நினைச்சார். அது எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கைக்கு வந்தப்போ மணி நாலு. அவர் ஆறு மணி வரைக்கும் நாற்பதடி தூரத்துல இருந்தார். நான் போய்ச் சொல்லல. முத்திரை குத்தினேன்."

"ஏன்?" இது நீதிபதி.

"நாற்பத்து மூணு பேரோட மனு ஒண்ணு இருக்கு, ஐயா. அதை எழுதினவர் வெளியே போகணும்னு மேலிடத்துல சொன்னாங்க. சட்டம் தெரிஞ்சவ நான். அதனாலதான் தப்பில்லாம செய்ய முடிஞ்சுது."

பின்வரிசையில் நாற்காலி ஒன்று தரையில் உரசியது. மன்யாண்டோ எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். அவர் என்ன படிவம் தயார் செய்வார், அதில் எந்த விதி எண் இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம்.

வக்கீல் விடவில்லை. "அப்படியானால் இந்த மனிதர் உங்களை ஒருபோதும் அவமானப்படுத்தியதில்லை என்று சத்தியம் செய்கிறீர்களா?"

மழை ஒரு நொடி ஓய்ந்து மறுபடி பிடித்தது.

"ஒரு தடவை பண்ணினார்" என்றாள் கசுபா.

வக்கீலின் பேனா நிமிர்ந்தது. "எப்போது?"

"எங்கப்பாவைத் தூக்கறப்போ."

"என்ன சொன்னார்? சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்."

"‘மன்னிக்கவும், மேடம்’னார்."

யாரும் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு நீதிபதி எதிர்ப் பெஞ்சைப் பார்த்தார்.

"சோகோ, இது உண்மையா?"

சோகோ எழுந்தான். இரவல் கோட்டைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டான். ஐந்து மாதத்துக்குப் பிறகு கசுபாவை நேருக்கு நேர் பார்த்தான். அவன் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"உண்மைதான், ஐயா. மத்ததெல்லாம் சும்மா சொன்னது. அது ஒண்ணுதான் வேணும்னே திட்டினேன்."